அமெரிக்கப் பிரஜைகளான நம் பிள்ளைகளும் வருமான வரிக் கணக்கும்

(முதுநகரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதுநகரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ஆம் வருஷத்தில் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, சென்னைக் கவர்னராயிருந்தவர் எலிஹூ யேல் என்பவர். அவர் 1649-ல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரிற் பிறந்தவர். பிறந்தது அங்கே; பொருள் ஈட்டியது இங்கே. அமெரிக்க ஐக்கிய நாடு 1776-ல் தோன்றியதாதலின், பிறந்த மண்ணுக்கு அவர் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. இன்று அதே பாஸ்டனிற் பிறந்த நம் பிள்ளையொருவன் இங்கு உத்தியோகம் பார்ப்பானாயின், அவன் நிலை அவ்வாறன்று.

உலகில் மிகப் பல தேசங்கள், தம் எல்லைக்குள் வசிப்பவரிடமே முழு வருமானத்துக்கும் வரி கேட்கின்றன. அமெரிக்காவோ, தன் பிரஜை எங்கு வசிப்பினும் கணக்குக் கேட்கிறது. மெக்ஸிகோவில் வசித்த அமெரிக்கர் ஒருவர் தொடுத்த வழக்கில், இவ்வுரிமை அரசாங்கத்துக்கு உண்டென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1924-ல் தீர்ப்பளித்தது. ஆகவே, அங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே சிதம்பரத்துக்கு வந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அமெரிக்காவை மீண்டும் கண்டறியாத பிள்ளையும் இக்கடமைக்கு உட்பட்டவனே.

இவ்விஷயத்தில் நம்மவரிடை இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன.

"இங்கே வரி கட்டிவிட்டோம், அங்கே எதற்குக் கணக்கு?" என்பது முதலாவது. வரி கட்டுவது வேறு. கணக்குக் காட்டுவது வேறு. வெளிநாட்டில் உழைத்துப் பெறும் ஊதியத்தில் 2025-ஆம் வருஷத்துக்கு 1,30,000 டாலர் வரை விலக்குப் பெறலாம். அன்றி, இந்தியாவிற் செலுத்திய வரியை அங்குள்ள வரியிற் கழித்துக் கொள்ளவும் வழியுண்டு. ஆதலின் பெரும்பாலோர்க்குக் கொடுக்க வேண்டிய வரி யாதுமிராது. ஆனால் இச்சலுகைகள், கணக்குத் தாக்கல் செய்து கேட்பவர்க்கே உரியன. தவணை ஏப்ரல் 15. வெளிநாட்டில் வசிப்பவர்க்கு ஜூன் 15. வரி பாக்கி இருப்பின் வட்டி மட்டும் ஏப்ரலிலிருந்தே ஓடும்.

இரண்டாவது, நம் குடும்ப வழக்கத்தினின்றும் பிறப்பது. எமது இல்லத்திலேயே இது நேர்ந்தது. முதுமையில் வைத்தியச் செலவுக்கு உதவுமென்று, எமது பாங்கிக் கணக்கிலும் வைப்புத் தொகையிலும், அமெரிக்கப் பிரஜையான மைந்தன் பெயரைச் சேர்த்தோம். பணம் எம்முடையதே, அவன் ஒரு காசும் தொட்டவனல்லன். எனினும், அவன் பெயருள்ள வெளிநாட்டுக் கணக்குகள் யாவும் சேர்ந்து, வருஷத்தில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய ஒன்பது லட்ச ரூபாயைக் கடந்தால், அவற்றைத் தனி அறிக்கையிற் குறித்தனுப்ப வேண்டும். நாம் அன்பினாற் செய்த காரியம், அவனைக் குற்றவாளியாக்கிவிடுமோ என்று பல இரவுகள் உறங்காதிருந்தோம்.

மறைத்தால் தெரியாதென்று எண்ணவும் வேண்டாம். 2015-ஆம் வருஷம் ஜூலை 9-ஆம் தேதி இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, நம் பாங்கிகள் தரும் விவரங்கள் இந்திய அரசாங்கத்தின் வழியாக அமெரிக்காவைச் சென்றடைகின்றன. பாங்கியில் குடியுரிமை பற்றிக் கையொப்பம் கேட்பது இதன் பொருட்டே.

அஞ்சவும் வேண்டாம். வேண்டுமென்றன்றி அறியாமையால் தவறிய வெளிநாட்டுவாசிகள், தாமே முன்வந்து மூன்று வருஷ வரிக் கணக்கையும், ஆறு வருஷப் பாங்கி அறிக்கைகளையும் ஒப்புவித்தால், அபராதமின்றி நேர்செய்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். எமது மைந்தனும் அவ்வழியே சென்று கவலை நீங்கினான். ருமேனியாவில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பிரஜையின் வழக்கில், அறியாமல் தவறியவர்க்கு அபராதம் கணக்குத்தோறும் அன்று, வருஷ அறிக்கை ஒவ்வொன்றுக்குமே என்று 2023-ல் தீர்ப்பாயிற்று. அதுவும் சிறிது ஆறுதலே. ஆயினும், ஓர் அறிக்கைக்குப் பதினாயிரம் டாலருக்கு மேலும் ஆகக்கூடிய அபராதம் நம்மனோர்க்குச் சிறு தொகையன்று.

ஆகவே, பெற்றோர்களே! கணக்கிற் பிள்ளையின் பெயரைச் சேர்க்குமுன் அவனிடம் சொல்லுங்கள். பிள்ளைகளே! இந்தியப் பரஸ்பர நிதியில் முதலிடுமுன், அதற்கு அமெரிக்காவில் தனிக் கடுமையான விதிகளுண்டென்பதை அறிந்து, தக்க கணக்கரைக் கலந்துகொள்ளுங்கள். வீட்டுக் கணக்கைப் பிள்ளைக்கும் மறைக்கும் பழைய வழக்கம் இனி நமக்கு உதவாது. இதுவே எமது வேண்டுகோள்.