தங்கவயல் கடைத்தெருவும் வலைத்தளமும்

மைசூர் மைன், சாம்பியன், நந்திதுர்க்கம், உரிகம் என்று சுரங்கங்களின் பெயரையே தம் இருப்பிடத்தின் பெயராகச் சொல்லிப் பழகியவர்கள் கோலார் தங்கவயல் தமிழர்கள். 1880ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலை விரிவுபடுத்தியபோது, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்னும் அங்கே வாழ்கின்றனர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து நெடுந்தொலைவு கம்பி இழுத்து அச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கம் ஓடியவரை கடைத்தெருவும் ஓடிற்று. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கடை வைத்தவர் வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை. சம்பள நாளில் அவர்களே வந்தார்கள்.

2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கப் பணி நின்றது. இன்று மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் ஏறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கடந்து, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகிறவர் மிகப் பலர். அங்கேயே குடிபெயர்ந்தவரும், மும்பைக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் சென்றவரும் உண்டு. கடை ஊரில் இருக்கிறது. பணம் ஈட்டுகிறவர் ஊரில் இல்லை. வலைத்தளம் என்பது இத்தகைய ஊருக்கு எந்த வகையில் பயன்படும் என்பதையே இப்பேச்சில் நாம் ஆராயப் போகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ராபர்ட்சன்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. சாம்பியன் பகுதியில் தனியே வாழும் ஒரு தாய்க்குக் கிரைண்டர் வாங்கித் தர மும்பையிலுள்ள மகன் விரும்புகிறான். பெரிய வாணிக நிறுவனங்கள் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். உள்ளூர்க் கடைக்காரரோ பெட்டியைப் பிரித்து, கல்லைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, பழுதானால் மறுநாளே ஆள் அனுப்புவார். அந்த அம்மாவிடம் தமிழிலேயே பேசுவார். அவருடைய உண்மையான முதல் இதுவே. ஆனால் மும்பையிலுள்ள மகனுக்கு அது எப்படித் தெரியும்? அதைச் சொல்வதற்கே வலைத்தளம்.

இந்தக் கண்கொண்டு பார்த்தால், நாம் காணும் தளங்களில் பெரும்பாலானவை வீண். முதற்பக்கத்தில் கடையின் வரலாறு, உரிமையாளரின் மாலையிட்ட படம், ஓடும் எழுத்துகள், அவற்றுக்குக் கீழே ‘உயர்தரத் தீர்வுகளை வழங்கும் முன்னணி நிறுவனம்’ என்றொரு வாக்கியம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் இத்தகைய தொடர்களை நாள்தோறும் கண்டு சலித்தவர்கள். இது ஆங்கிலத்தின் நிழலேயன்றித் தமிழ் அன்று. ஆங்கிலத்திலும் இதற்குப் பொருள் மிகுதியில்லை. ‘கிரைண்டர் விற்கிறோம்; வீட்டுக்கே வந்து பொருத்தித் தருகிறோம்; பழுது பார்க்கிறோம்’ என்று எழுதினால் போதும். அதன் அருகில் விலை, கடை திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண், தெருப்பெயரோடு கூடிய முகவரி, எந்தெந்தப் பகுதிகளுக்குப் பொருளை அனுப்புவார்கள் என்ற செய்தி ஆகியவை இருத்தல் வேண்டும். விலையை மறைத்துவிட்டு ‘தொடர்பு கொள்ளவும்’ என்று எழுதுவது, கடைக்குள் வந்தவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் மட்டும் தளம் அமைத்தால் நம்மவர் அனைவரும் படித்துவிடுவார்கள் என்று எண்ணுவது சரியன்று. வெளிமாநிலங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசியும் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவர் எத்தனை பேர் என்பதை நேயர்கள் அறிவார்கள். தங்கவயலிலேயே கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசுகிற அண்டை வீட்டார் இருக்கிறார்கள். ஆகவே தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் சுருக்கமாக எழுதுவதே தக்கது. ஒரு மொழியில் எழுதியதைப் பொறியிடம் கொடுத்து மாற்றி, படித்துப் பாராமல் வெளியிடுவதைக் காட்டிலும் அம்மொழியை விட்டுவிடுவது மேல்.

வேறொரு பிழையும் பரவலாக உண்டு. தமிழ் எழுத்தை அழகாக வரைந்து, படமாக ஆக்கி, அப்படத்தைத் தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு அது எழுத்து. தேடுபொறிக்கோ பெரும்பாலும் வெறும் படம். யூனிகோடு முறையில் எழுத்தாகவே எழுதினால்தான் தேடுகிறவருக்கு அது எளிதில் அகப்படும். மேலும் படம் கனமானது. மாரிகுப்பம் ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்ப்பவரே இத்தளத்தின் முதல் வாசகர்; நான்கு விநாடியில் திறக்காத பக்கத்தை அவர் மூடிவிடுவார்.

இனி, தளத்தை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வழி. இதில் தங்கவயல் வணிகருக்கு விசித்திரமான இடையூறு ஒன்று நேர்ந்திருக்கிறது. ஊரின் பெயரைக் கே.ஜி.எஃப். என்று சுருக்கி எழுதுவது நெடுநாள் வழக்கம். அப்பெயரில் கன்னடத் திரைப்படம் ஒன்று 2018ஆம் ஆண்டிலும், அதன் இரண்டாம் பாகம் 2022ஆம் ஆண்டிலும் வெளிவந்து பெரும்புகழ் பெற்றன. இன்று அச்சுருக்கப் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் கடைக்கு முன்னே கதாநாயகன் வந்து நிற்கிறான். கோலார் என்று மட்டும் எழுதினாலோ, சுமார் 30 கிலோமீட்டர் அப்பாலுள்ள மாவட்டத் தலைநகருக்கு வாசகர் போய்விடுவார். எனவே பொருளின் பெயரையும் பேட்டையின் பெயரையும் இணைத்து, ‘ராபர்ட்சன்பேட்டை கிரைண்டர் பழுதுபார்ப்பு’ என்று மக்கள் கேட்கிறபடியே தலைப்பு அமைக்க வேண்டும். ஆண்டர்சன்பேட்டை, மாரிகுப்பம், உரிகம், கோரமண்டல், தங்கவயல் ஆகிய பெயர்களும் பக்கத்தில் இயல்பாக வருதல் நலம். கூகிள் நிலப்படத்தில் கடையைக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். விளம்பரத்துக்குச் செலவிடுமுன் செய்யத்தக்கது அதுவே. பைகளிலும் ரசீதுகளிலும் பெயர்ப்பலகையிலும் தளமுகவரியை அச்சிடுவதற்கு ஆகும் செலவும் சிறிதே.

வாடிக்கையாளர் எழுதும் பாராட்டுரைகளைப் பணம் கொடுத்து எழுதுவிக்கும் வழக்கமும் பெருகியுள்ளது. இணையத்தில் வெளியாகும் நுகர்வோர் கருத்துரைகள் எவ்வாறு திரட்டப்பட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டில் ஒரு தரமுறையே வகுத்திருக்கிறது. தளத்தின் வழியாகப் பொருளை விற்பவர் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும்: குறைதீர்க்கும் அலுவலரின் பெயரைத் தளத்தில் காட்ட வேண்டும், புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஊரறிந்த கடைக்காரருக்கு இது புதிதன்று. கல் உடைந்துவிட்டது என்று வாசலில் வந்து நின்றவருக்கு அவர் எப்போதும் பதில் சொல்லியே வந்திருக்கிறார்.

தளம் அமைத்தபின் எந்தப் பக்கத்தை மக்கள் மிகுதியாகப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பதும் இன்றியமையாதது. முருகவேல் ஜானகிராமன் 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருந்தபோது அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு தளம் நடத்தினார். அதில் இருந்த பலவற்றுள் மணமகன், மணமகள் தேடும் பகுதியையே மக்கள் மிகுதியாக நாடினர். அதைக் கவனித்து அவர் அப்பகுதியை வளர்த்ததன் விளைவே பாரத் மேட்ரிமோனி. நம் கடைக்காரருக்கும், விற்பனைப் பக்கத்தைவிடப் பழுதுபார்ப்புப் பக்கத்துக்கு வருவோர் மிகுதி என்று தெரிந்தால், அதை முதற்பக்கத்துக்குக் கொண்டுவரத் தயங்கக்கூடாது.

தளத்தின் பெயர்ப் பதிவைத் தளம் அமைத்துத் தரும் இளைஞரின் பெயரில் விட்டுவிடாமல் கடைக்காரர் தம் பெயரிலேயே செய்துகொள்ள வேண்டும். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்க வேண்டும். பதிவுக்காலம் முடியுமுன் பணம் கட்டத் தவறினால் அப்பெயர் பிறர் கைக்குப் போய்விடக்கூடும். நேயர்களுள் தங்கவயலில் உறவினர் கடை வைத்திருப்பவர் இருப்பின், தாம் வாழும் ஊரிலிருந்தே அத்தளத்தைத் திறந்து பார்த்து, நம் அம்மாவுக்கு ஒரு பொருள் வாங்க வேண்டுமானால் எந்தக் கேள்விக்கு அங்கே விடை இல்லை என்பதை அவருக்கு எழுதுவார்களாக.