வராதவங்களை யார் விசாரிப்பது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியது)



முன்னெல்லாம் நம்ம டெல்டாவில் நடவு என்றால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக வயலில் இறங்குவார்கள். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். நடவு மிஷினும் அறுப்பு மிஷினும் வந்தபிறகு கூலியும் குறைந்தது, அந்த விசாரிப்பும் குறைந்தது. அதற்கு மிச்சமிருக்கிற இடம் நம்ம குழுக் கூட்டம்தான்.

அங்கேயும் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தது இல்லையா, அதற்குப் பிறகு ஒரு அக்கா மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. நோட்டில் 'வரவில்லை' என்று எழுதினோம், நிலுவையைக் கூட்டிப் பார்த்தோம், அவ்வளவுதான். கடைசியில் வீட்டுக்குப் போனபோது அவர் கேட்டார்: "பணம் கட்ட முடியாம எந்த முகத்தோட வர்றது? நீங்களும் கடனைக் கேக்கத்தானே வந்திருக்கீங்க?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கூரை பறந்துபோய், நிவாரணப் பட்டியலில் பெயரும் விட்டுப்போயிருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பே விசாரித்திருந்தால் குழுவாகப் போய் மனு கொடுத்திருக்கலாம்.

இப்படி ஒதுங்குகிறவர்கள் கிராம சபைக்கும் வருவதில்லை. "நம்ம பேச்சை யாரு கேக்கப் போறா" என்று ஓட்டுப் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். வரவு செலவுக் கணக்கைக் கேட்கவும், பயனாளிகள் பட்டியலில் யார் விட்டுப்போனார்கள் என்று சொல்லவும் நமக்கு அங்கே உரிமை உண்டு. 2022-லிருந்து ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பத்துக் குழு இருக்கிற ஊரில், குழுவுக்குப் பத்துப் பேர் போனாலே நூறு ஆயிற்று!

சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். இரண்டு கூட்டம் வராத உறுப்பினர் எந்தத் தெருவில் இருந்தாலும் இரண்டு பேர் வீடு தேடிப் போங்கள். அன்றைக்குக் கடன் பேச்சு வேண்டாம். "ஏன் வரல, உடம்பு சுகமா?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த கிராம சபைக்கு அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நாங்களும் வருகிறோம்.