ஊராட்சி உறுப்பினர்க்கு ஒரு நாள் முகாம்

(உத்திரமேரூர் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினரிடையே நிகழ்த்திய உரை)



மன்றம் கூடுகின்றது, தீர்மானப் புத்தகத்தில் கையொப்பங்கள் நிறைகின்றன. ஆயினும், அடுத்த ஐந்தாண்டுகளில் நம் ஊர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என உறுப்பினர் அனைவரும் ஒருங்கமர்ந்து எண்ணிப் பார்த்த நாள் ஒன்றேனும் உண்டா என வினவினால், பல ஊர்களில் விடை கிடைப்பது அரிது. தேர்தலில் எதிரெதிர் நின்றோரும், தலைமடைக்காரரும், கடைமடைக்காரரும் ஒரே மன்றத்தில் அமர்கின்றனர். அரைமணி நேரக் கூட்டத்தில் இவர்தம் மனம் ஒன்றுபடுதல் இயலாது. ஆகவே, ஆண்டுக்கு ஒரு முழு நாளை இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகின்றோம்.

இது நம் மண்ணுக்குப் புதிதன்று. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். பணிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதார் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்திற்குள் செல்லலாகாது. ஏரி, தோட்ட வாரியங்களில் முன்னரே பணி செய்தோரையும் சம்வத்சர வாரியத்துக்குக் கொண்டனர். கரையையும் மதகையும் அறிந்தவன் ஆண்டு முழுமைக்கும் அறிவுரை கூறத் தக்கவன் என்பது அவர்தம் எண்ணம் போலும்!

எனினும், அதனை மிகைபடப் புகழ யாம் விரும்பவில்லை. அது பிரமதேய ஊரின் சபை. நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. இன்று 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மன்றத்தின் கதவை யாவர்க்கும் திறந்துள்ளன. பெண்களுக்கான இடஒதுக்கீடு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. கதவு திறந்தது, உள்ளே பேச்சு சமமாயிற்றா என்பதே இனி நோக்கற்பாலது.

முகாமுக்குரிய காலம் பங்குனி, சித்திரை. சம்பா அறுவடை முடிந்திருக்கும். ஏரியின் அடிமண்ணும் கண்ணுக்குத் தெரியும். ஊராட்சி அலுவலகத்தில் நடத்துதல் வேண்டா. சான்று கேட்போரும் மனு கொடுப்போரும் வந்தவண்ணம் இருப்பர். விடுமுறைக் காலத்துப் பள்ளிக்கூடமோ, மரநிழல் மிக்க தோப்போ போதும். உறுப்பினருடன் செயலாளர், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் ஆகியோரையும் அழையுங்கள். குழாயில் எந்நேரம் நீர் வாராது என்பதைத் தொட்டி இயக்குபவரைவிட நன்கறிந்தவர் எவர்?

காலை வெயில் ஏறுமுன் ஏரிக்கரையில் நடத்தல் வேண்டும். எவர் எவருடன் நடப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். குடவோலை கண்ட ஊரினர்க்கு இதனை யாம் விளக்க வேண்டுவதில்லை! நண்பர் நண்பரோடே நடந்தால் பழைய பேச்சே தொடரும். தலைமடைக்காரர் கடைமடையில் நின்று வறண்ட வாய்க்காலைப் பார்க்கட்டும். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில். எந்த மதகுக்கு எவரிடம் மனுச் செய்வது என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

பின்னர், தரையில் கோலமாவினால் ஊரை வரையுங்கள். தெரு, குளம், சுடுகாட்டுப் பாதை, மழைநாளில் நீர் தேங்கும் இடம் யாவும் அதில் இடம்பெறட்டும். ஒவ்வொருவர்க்கும் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எப்பணி முதலில் வேண்டுமோ அவ்விடத்தில் வைக்கச் சொல்லுங்கள். உரத்த குரலுடையார்க்கும் பத்தே. வாய் திறவாதார்க்கும் பத்தே. பேச்சு தொடங்கும்போது பெண் உறுப்பினரே முதலிற் பேசட்டும். அவர்தம் கணவர் அன்று வீட்டிலிருப்பது ஊருக்கு நன்று.

நண்பகல் உணவு ஒரே பந்தியில் நிகழ்தல் வேண்டும். தலைவரும் தூய்மைக் காவலரும் அருகருகே அமர்தல் வேண்டும். இதனைச் சிறு செய்தியென எண்ணி விட்டுவிடாதீர்கள். இப்பந்தி நிகழாத ஊரில் பிற்பகல் திட்டம் வெறும் காகிதமே என்பது எமது துணிபு.

பிற்பகலில், பணமின்றி நாமே செய்யத்தக்கன, ஊராட்சி நிதியில் செய்யத்தக்கன, துறைகளிடம் கேட்கத்தக்கன எனப் பணிகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரையும் ஒரு நாளையும் எழுதுங்கள். பெயரில்லாப் பணி நடைபெறாது.

ஒன்று நினைவிலிருத்தல் வேண்டும். முகாமில் எட்டிய முடிவு சட்டப்படி தீர்மானம் ஆகாது. அதனை மன்றக் கூட்டத்தில் வைத்து, பின்னர்க் கிராம சபையில் மக்கள் முன் படித்து ஒப்புதல் பெறுதல் வேண்டும். பங்குனியிலோ சித்திரையிலோ முகாம் நடத்துவோர்க்கு மே 1ஆம் நாள் கிராம சபை அண்மையிலேயே வருகின்றது. கோலமாவு வரைபடத்தைப் பெரிய தாளில் படியெடுத்து அன்று சபையில் மாட்டிவையுங்கள். புளியங்கொட்டைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். முகாமுக்கு வாராதோரும் வைத்துப் பார்க்க விரும்புவர்.