நெல்லின் விலையும் களத்தின் ஈரமும்



பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் வழியில் திருப்பாலைவனம் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பாலை நிலம் என்று எண்ணிவிட வேண்டா. நெல் விளையும் பூமி அது. சாலை முடியுமிடத்தில் உவர்நீர் ஏரியும் மீனவர் குப்பங்களும் உள்ளன. உழவரும் மீனவரும் அண்டை அயலாராக வாழும் இப்பகுதியை வைத்தே, விளைபொருளுக்கு அரசாங்கம் விலை உறுதி அளிப்பது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

ஏரியில் யார், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதைப் 'பாடு' என்னும் பழைய ஏற்பாடு வரையறுத்து வந்திருக்கிறது. ஆனால் பிடித்த இறாலின் விலை இதற்குக் கீழே போகாது என்று உறுதி கூற எவ்வேற்பாடும் இல்லை. அன்றைய ஏலத்தில் கேட்டதே விலை. நெல்லுக்கோ அவ்வுறுதி உண்டு. ஏன் இந்த வேறுபாடு? நெல் சேமித்து வைக்கத்தக்கது. அரசாங்கத்துக்கும் அது தேவை. வாங்கிய நெல்லை அரிசியாக்கி நியாயவிலைக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அவ்வரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. மீனவர் வீட்டு உலையிலும் அது கொதிக்கிறது. ஆகவே, இதை உழவருக்கு இடும் தானம் என்று சொல்வது பொருந்தாது.

இவ்வேற்பாடு 1965இல் உருப்பெற்றது. விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலைக்குழுவும், தானியத்தை வாங்க இந்திய உணவுக் கழகமும் அவ்வாண்டில்தான் தோன்றின. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்துவது அதுவே.

2025-26ஆம் பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2369 ரூபாய். மாநில அரசு ஊக்கத்தொகையாக 131 ரூபாய் சேர்த்தது. ஆக 2500, நாற்பது கிலோ மூட்டைக்கு ஆயிரம் ரூபாய். மானியம் என்ற சொல் இதில் அந்த 131 ரூபாய்க்கே நேராகப் பொருந்தும்.

இவ்விலை போதுமா என்பதில் நெடுநாளைய வழக்கு ஒன்று உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் பாதியேனும் கூடுதலாகத் தரவேண்டும் என்றது. 2018இல் மத்திய அரசு செலவைப் போல் ஒன்றரை மடங்கு தருவதாக அறிவித்தது. எது செலவு? விதை, உரம், கூலி, குடும்பத்தார் உழைப்பு ஆகியவற்றை அரசாங்கம் கணக்கில் கொள்கிறது. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் முதலின் வட்டியையும் சேர்க்க வேண்டும் என்பது உழவர் சங்கங்களின் வாதம். கடையை வாடகையின்றிக் கணக்கிடும் வணிகர் எவரையும் நான் அறியேன்.

குத்தகைதாரரின் நிலை இன்னும் கடினம். சிட்டாவும் அடங்கலும் கேட்கும் இடத்தில், வாய்ச்சொல்லாகக் குத்தகை பேசியவர் எதைக் காட்டுவார்?

இவை யாவும் சரியாயினும் ஈரப்பதம் குறுக்கே நிற்கிறது. வரம்பு நூற்றுக்குப் பதினேழு. திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி அறுவடை மழை நாட்களையொட்டி வருகிறது. உலர்த்தும் தளம் இல்லாதவர் சாலையோரத்தில் நெல்லைப் பரப்பி வானத்தைப் பார்க்கிறார். 2022இல் மழையை முன்னிட்டு வரம்பு பத்தொன்பதாகத் தளர்த்தப்பட்டது. அதுவும் கேட்டுப் பெற்றதே.

கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுங்கள். 22 விழுக்காடு ஈரமுள்ள நூறு கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 78 கிலோ. அதை 17 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் ஏறக்குறைய 94 கிலோ நிற்கும். தண்ணீராகப் போவது ஆறு கிலோ. அதற்கு விலை கொடுக்க அரசாங்கம் தயங்குவது நியாயமே. ஈர நெல் முளைத்துவிடும், கெட்டுவிடும் என்ற அச்சமும் நியாயமே. ஆயினும் உலர்த்தும் எந்திரத்தை நிலையத்திலேயே வைத்து, ஆறு கிலோவைக் கழித்துக்கொண்டு, உலர்த்தும் கூலியையும் பிடித்துக்கொண்டு வாங்கலாமே. 2350 ரூபாயில் கூலி போக மீதி உழவருக்குச் சேரும். மூட்டைகளைத் திருப்பி அனுப்பினாலோ, அன்று மாலை களத்துக்கு வரும் வியாபாரி சொல்வதே விலை.