பாதிப் பாட்டில் வந்த அலை

1736, ஜனவரி 25. ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது ‘சிம்மண்ட்ஸ்’ என்ற பாய்க்கப்பல். அட்லாண்டிக் கடலில் பல நாளாகப் புயல் மேல் புயல். மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மன்காரர்கள் மாலை ஆராதனைக்குக் கூடி, வழக்கம்போல் ஒரு சங்கீதத்தைப் பாடத் தொடங்குகிறார்கள். அந்த ஆங்கிலக் கப்பலில் அவர்கள் மொத்தமே 26 பேர்.

பாட்டு பாதியில் இருக்கும்போது கடல் எழும்பி வந்து கப்பலையே மூடியது. பெரிய பாய் துண்டுதுண்டாகக் கிழிந்தது. கப்பல் தளங்களுக்கு நடுவே தண்ணீர் கொட்டியது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். மொராவியர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜான் வெஸ்லி. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். அப்போது வயது 32. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த குருவானவர், ஊழியம் செய்யப் போகிறவர். ஆனாலும் புயல் அடிக்கும்போதெல்லாம் தனக்குச் சாக மனமில்லை என்பதை நாட்குறிப்பில் ஒளிக்காமல் எழுதிவைத்தார். ஆராதனை முடிந்ததும் மொராவியர் ஒருவரிடம், “பயமாக இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றார் அவர். “உங்கள் பெண்கள், பிள்ளைகள்?” அவர்களுக்கும் சாவதற்குப் பயமில்லையாம்.

இந்தக் கதையைச் சிலர் பிரசங்கத்தில் சொல்லும்போது, கேட்பவருக்குக் குட்டு விழும். ‘அவர்களுக்கு விசுவாசம் இருந்தது, பாடினார்கள். உனக்கு இல்லை, நடுங்குகிறாய்.’ எனக்கு அதில் உடன்பாடில்லை. என் கண்ணில் படுவது வேறு. புயலை விரட்ட அவர்கள் பாட ஆரம்பிக்கவில்லை. அது பாடுகிற நேரம், பாடினார்கள். அலைதான் நடுவில் வந்தது.

பயம் வந்தால் முதலில் போவது பேச்சு. ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்தவருக்கு ஜெபம் வராது. நாலு வார்த்தை கோக்க முடியாது. மனப்பாடமான பாட்டு அப்படியில்லை. அது தானாக வாயில் வரும். ஒருமுறை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி. உள்ளே மகன். மடியிலிருந்த பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்தபடி, ஒரே கீர்த்தனையின் ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருந்தார். ராகம் எங்கோ போய்விட்டது. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மூச்சு சீராக வந்தது. பாட்டு ஒரு வரி முடியும்வரை மூச்சை நிதானமாக விடச் செய்கிறதே, அதுவும் இதற்கு ஒரு காரணம்தான். இப்படிச் சொன்னால் பாடித் துதிப்பதற்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தூக்கமே இல்லாமல் பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

துதி என்றால் பயத்தை மூடி மறைத்துச் சிரித்த முகம் காட்டுவது என்றும் நினைக்க வேண்டாம். பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் 13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனம். எதுவரைக்கும் இப்படி என்று எடுத்த எடுப்பிலேயே கடவுளை நாலு தடவை கேட்கிறது. கடைசி வசனத்தில்தான் பாட்டு வருகிறது. நடுவில் நிலைமை ஏதும் மாறியதாகத் தகவல் இல்லை.

மறுபடி கப்பலுக்கு வருவோம். வெஸ்லிக்கு அங்கே பயம் போய்விடவில்லை. ஆனால் மொராவியர்களோடு பேசுவதற்காகவே பயணத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் படிக்க ஆரம்பித்திருந்தார். மறு ஆண்டு, 1737இல், சார்ல்ஸ்டனில் அவர் ஒரு பாட்டுப் புத்தகத்தை அச்சிட்டார். ஜெர்மனிலிருந்து அவரே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பாடல்களும் அதில் இருந்தன.