இடுகாட்டில் ஒரு புதையல் வேட்டை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

மங்கலமான ஆண்டு விழா மேடையில் இடுகாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று தாய்மார்களில் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு விளையாட்டைப் பற்றி. அவ்விளையாட்டு அமெரிக்க நாட்டுப்புறத்துப் பழைய இடுகாடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. அது தகுமா, தகாதா என்பதே வழக்கு.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் சிறு பெட்டி ஒன்றை எங்கேனும் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவிப்பார். பிறர் செயற்கைக்கோளின் துணையால் இடங்காட்டும் கருவியைக் கையில் ஏந்தித் தேடிச் சென்று, பெட்டியைக் கண்டு, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, அதனை இருந்தவாறே வைத்துத் திரும்புவர். பொதுமக்களுக்குக் கிடைத்த செயற்கைக்கோள் குறிப்பில் அமெரிக்க அரசு முன்பு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. ஏறத்தாழ நூறு மீட்டர் வரை இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துப் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை மறைத்து வைத்து, எண்களை அறிவித்தார். வாளிக்குள் புத்தகங்களும், ஒரு கவணும், ஒரு தகர டப்பா நிறைய அவரை விதையும் இருந்தன. புதையல் என்றதும் பொன்னை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க!

இனி இடுகாட்டுக்கு வருவோம். அந்நாட்டின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து என்னும் பகுதியில், ஊர்தோறும் பழைய இடுகாடுகள் உண்டு. மிகப் பழைய கற்கள் கருமை படர்ந்த பலகைக் கற்கள். அவற்றின் தலைப்பில் சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கப்பட்டிருக்கும். தலைமுறைகள் செல்லச் செல்ல அம்மண்டையோடு தேவக் குழந்தையின் முகமாக மாறியது; பின்னர் வில்லோ மரமும் கலசமும் அவ்விடத்தைப் பிடித்தன. மரணத்தை அம்மக்கள் நோக்கிய நோக்கே மாறிவந்ததைக் கல்லிலே காணலாம். 1831-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகருக்கருகே மவுண்ட் ஆபர்ன் நிறுவப்பட்டது. ஜேக்கப் பிகலோ என்ற மருத்துவரின் கருத்தும் தோட்டக்கலைச் சங்கத்தாரின் உழைப்பும் சேர்ந்து, குன்றும் குளமும் மரநிழலுமாக அது அமைந்தது. நகரப் பூங்காக்கள் அரிதாயிருந்த அக்காலத்தில் மக்கள் குடும்பத்தோடு அங்கே உலாவச் சென்றனர். ஆகவே கல்லறைகளினிடையே இனிதாகப் பொழுது கழிப்பது அந்நாட்டார்க்குப் புதுமையன்று.

ஆயினும் எதிர்ப்பு எழாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலச் சட்டமன்றத்தில், உரியவரின் எழுத்துமூலமான ஒப்புதலின்றி இடுகாட்டில் இவ்விளையாட்டை ஆடுவது குற்றம் என்று ஒரு மசோதா வந்தது. கீழவை அதனை ஏற்றது; ஆனால் அது சட்டமாகவில்லை. மசோதா கொண்டுவந்தவர்களின் அச்சத்தை நான் எள்ளமாட்டேன். நூற்றாண்டு கண்ட கல் ஒருவர் சாய்ந்து நின்றாலே பெயர்ந்து விழக்கூடும். பெட்டியைத் தேடுகிறேன் என்று பெற்றவர் சமாதியைச் சுற்றித் துழாவும் அந்நியனை எந்த மகன்தான் பொறுப்பான்?

நல்ல ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பெட்டியை உள்ளே வைப்பதே இல்லை. இன்ன வரிசையில் இன்ன உழவர் மறைந்த ஆண்டின் கடைசி இலக்கம் எது, அவர் மனைவி எத்தனை வயதில் மறைந்தார், அருகே எத்தனை குழந்தைகளின் சிறு கற்கள் உள்ளன என்று கேட்பார்கள். விடைகளைக் கூட்டிக் கழித்தால் பெட்டியின் எண்கள் கிடைக்கும். பெட்டி மதிலுக்கு வெளியே நெடுந்தொலைவில் இருக்கும். விடை வேண்டுமானால் கல்லைப் படித்தே தீரவேண்டும்! நான் இக்கட்சியைச் சேர்ந்தவன்.

ஏன் என்கிறீர்களா? 1825-இல் ஈரி கால்வாய் திறந்தது. மேற்கே வளமான நிலம் கிடைக்கிறது என்று நியூ இங்கிலாந்து மலைச்சாரல் உழவர்கள் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்தனர். வயல்கள் காடாயின. இன்று அக்காடுகளுக்குள் நடப்பவர் திடீரென்று ஒரு கல்வேலியையும், உள்ளே நாலைந்து கல்லறைகளையும் காண்பதுண்டு. பேரப்பிள்ளைகள் எந்த மாநிலத்தில் உள்ளனரோ! பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் மிஞ்சியிருப்பது பூட்டிய வீடு ஒன்றே. அங்கே அந்தப் பெயர்களை இன்று உரக்கப் படிப்பவர், எண் தேடி வந்த ஒரு பள்ளிச் சிறுவனும் அவன் தந்தையுமாக இருக்கலாம்.

படிப்பதிலும் முறை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெண்சலவைக் கற்கள் மழைநீரின் அமிலத்தால் சர்க்கரைபோல் உதிர்கின்றன; எழுத்து மங்கிவிட்டது. சிலர் சவர நுரையைப் பூசித் துடைத்து எழுத்தைத் தெளிவாக்கினர். அந்நுரையிலுள்ள அமிலம் கல்லை மேலும் அரிக்கும் என்று பாதுகாப்பு வல்லுநர் தடுக்கின்றனர். கல்லைத் தொடவே வேண்டாம். ஒரு கண்ணாடியைப் பிடித்து, வெயிலைக் கல்லின்மேல் பக்கவாட்டில் சாய்வாக வீழ்த்தினால் போதும். பள்ளங்களில் நிழல் நிறைய, மறைந்த பெயர் ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வரும்.