களிப்பாறைகளும் பண்டைக் கடல்களும்



நீரடியில் படிந்த நுண்ணிய சேறு, மேற்படிந்த மண்ணின் பாரத்தால் இறுகித் தகடு தகடாகப் பிளக்கும் பாறையாகின்றது. அதனையே களிப்பாறை என்கிறோம். அச்சேறு படிந்த நாளில் கடலடியில் பிராணவாயு இருந்ததா என்பதை இன்று எங்ஙனம் அறிவது? பாறையின் கரிய நிறம் ஒன்றே போதிய சான்றன்று. பத்து லட்சத்தில் சில பங்கே காணப்படும் சுவடுத் தனிமங்களை அளந்தே அறிஞர்கள் இதனை ஆராய்கின்றனர்.

மாலிப்டினம் என்னும் உலோகத்தை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் அது நூறு கோடியில் ஏறத்தாழ 10 பங்கு உள்ளது. பிராணவாயு நிறைந்த நீரில் பெரும்பாலும் கரைந்தே கிடக்கும். பிராணவாயு அற்று, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு தோன்றினாலோ, கந்தகத்தோடு கூடிச் சேற்றில் தங்கிவிடும். யுரேனியம் அவ்வாறன்று, சல்பைடு வரும்வரை காத்திராமல், பிராணவாயு நீங்கிய அளவிலேயே சேற்றில் சேரத் தொடங்கும். ஆகவே யுரேனியம் மிகுந்து மாலிப்டினம் மிகாத பாறையைக் கண்டால், அங்கே பிராணவாயு குன்றியிருந்தது, ஆனால் நீரில் சல்பைடு பரவவில்லை எனக் கருதலாம். ஆற்று மண்ணோடு வந்த பங்கைக் கழித்தறிய, இவ்வளவுகளை அலுமினியத்தின் அளவோடு ஒப்பிட்டே சொல்லவேண்டும்.

இனி, மாலிப்டினம் எத்துணை மிகுகிறதோ அத்துணை பிராணவாயுப் பஞ்சம் என்று சொல்லிவிடலாமா? கூடாது என்பதற்குக் கருங்கடலே சான்று. அங்கே ஆறுகளின் நன்னீர் மேலே மிதக்க, பாஸ்பரஸ் நீரிணை வழியே புகுந்த உப்புநீர் கீழே தேங்கிக் கிடக்கிறது. இரண்டும் எளிதில் கலவா. ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே, 2,200 மீட்டர் ஆழம் வரை, சல்பைடு நிறைந்த நீரே. அப்படியாயின் அச்சேற்றில் மாலிப்டினம் குவிந்திருக்க வேண்டுமல்லவா? கரிமப் பொருளோடு ஒப்பிட்டால் அது குறைவாகவே உள்ளது. காரணம் எளிது. சேறு உண்டதை ஈடுசெய்யப் புதுநீர் போதிய அளவில் வருவதில்லை. பண்டம் தீர்ந்த கடையைப் போன்றது. 2006ஆம் ஆண்டில் அல்ஜியோ, லயன்ஸ் என்னும் அறிஞர்கள் இதனை விளக்கி, மாலிப்டினத்துக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள விகிதத்தால் ஒரு பண்டைக் கடல் எவ்வளவு அடைபட்டுக் கிடந்தது என்று அறியும் வழியைக் காட்டினர். குறைந்த அளவும் ஒரு செய்தியே. ஆனால் எதனால் குறைந்தது என்று கேட்டாக வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். மாணவனாயிருந்தபோது ஒரு சாலையோரச் சரிவின் மேற்பரப்பிலேயே கல் பெயர்த்துச் சோதித்தேன். மாலிப்டினம் மிகக் குறைவு. "பிராணவாயு நிறைந்த கடல்" என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். ஆசிரியர் படித்துவிட்டு, "எத்தனை அடி தோண்டினாய்?" என்று மட்டும் கேட்டார். வெயிலும் மழையும் பைரைட்டைச் சிதைத்து, மாலிப்டினத்தையும் யுரேனியத்தையும் கரைத்துக் கொண்டுபோயிருக்கக்கூடும். நான் அளந்தது கடலையன்று, மழையை! அத்தியாயம் முழுவதும் போயிற்று; மறு ஆண்டு மண்வெட்டியுடன் சென்றேன்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடற் களிப்படிவுகள் ஓடை ஓடையாக அரிக்கப்பட்டுக் கிடக்கின்றன. செல்லும் தம்பி தங்கையர் களியினூடே ஜிப்சம் கீற்றுகளைக் காண்பீர்கள். பைரைட் சிதைந்தும் ஜிப்சம் உண்டாவதுண்டு. ஆதலின் அத்தகைய இடத்தில் மேற்பரப்புக் கல்லை நம்பாமல், நிறம் மாறாத பாறை வரும்வரை தோண்டி, எடுத்த ஆழத்தைப் பையின்மீதே எழுதிவையுங்கள்.